முறைப்பாட்டுப் புத்தகம்

கனகராயன்குளக் கட்டில் காலை ஐந்தரைக்கு ஓடுகிறேன்.
தம்பியின் சப்பாத்து, நுனியில் பஞ்சு அடைத்தது.
நாய்கள் முதல் வாரம் துரத்தின,
இரண்டாம் வாரம் கூடவே ஓடின,
இப்போது தலையும் தூக்குவதில்லை.
காவலரணில் நிற்பவன் ஒருநாள்
விரல்களை விரித்து நேரம் காட்டினான்: ஒன்பது.
நான் கேட்கவில்லை.
ஆனாலும் சரியாகத்தான் எண்ணியிருக்கிறான்.

உப பொலிஸ் பரிசோதகர், பெண்கள்,
உயரம் ஐந்தடி இரண்டு.
கதவு நிலையில் பென்சில் கோடு போட்டோம்.
அரை அங்குலம் மிச்சம்.
"இந்த அரை அங்குலத்துக்கோ இவ்வளவு எடுப்பு"
என்றுவிட்டு மூன்று நாள் அம்மா கதைக்கவில்லை.
நாலாம் நாள் சிரட்டைக்கரி மூட்டி
என் வெள்ளைச் சட்டையை அயன் பண்ணினாள்.

"அவங்கட உடுப்பையோ போடப்போறாய்?"
சந்திக் கடையில் குகநேசன் கேட்டார்.
ஓம் என்றேன்.
ஒரு இறாத்தல் பாண் என்றேன்.
மிச்சக் காசை மேசையில் வைத்தார்,
கையில் தரவில்லை.

நீர் இறைக்கும் மோட்டர் களவு போன வருசம்
அம்மாவோடு நிலையத்துக்குப் போனேன்.
இழுத்துக்கொண்டு போன தடம் வேலிவரை கிடந்தது,
அதற்கப்பால் லாண்ட்மாஸ்டர் சில்லு.
எல்லாம் சொன்னாள்.
எழுதியவருக்குத் தமிழ் பாதி, அவசரம் மீதி.
வாசிக்கத் தெரியாத பக்கத்தின் கீழே
அம்மா கையெழுத்து வைத்தாள்.
பிறகு நான் சிங்களம் படித்தேன்,
பஸ் பலகையில், பால்மா பெட்டியில்,
பேக்கரி வேலைக்கு வந்த சமிந்தவிடம்.
அலுமாரியில் இருந்த பிரதியை
ஒரு மழைநாளில் எழுத்துக்கூட்டினேன்.
மோட்டர் தொலைந்துவிட்டதாம்.
களவு என்ற சொல்லே இல்லை.
கிணற்றடியில் எங்கேயோ
நாங்களே கைமறதியாய் வைத்தது போல.

அண்ணாவுக்கும் அதே சொல்தான்.
வட்டுவாகலில் அம்மா கையைப் பிடித்துக் கொடுத்த பிள்ளை.
எண்ணிப் பார்த்து, பெயர் கேட்டு, பஸ்ஸில் ஏற்றினார்கள்.
எனக்கு ஏழு வயது. பஸ்ஸின் பின்கண்ணாடி உடைந்திருந்தது.
எல்லாப் படிவத்திலும் அவன் காணாமல் போனவன்,
தானே எழும்பி எங்கேயோ நடந்தவன் போல.

விண்ணப்பத்தில் ஒரு கூடு:
குடும்பத்தில் எவரேனும்.
பேனாவை மூடி இரண்டு தரம் திறந்தேன்.
"ஒப்படைக்கப்பட்டார்" என்று எழுதினேன்,
திகதியும் இடமும் போட்டேன்.
கிராம சேவையாளர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
"பிள்ளை, உனக்கு வேலை வேணுமோ வேண்டாமோ?"
வேணும் சேர்.
இந்தச் சொல்லை எழுதுகிற வேலைதான் வேணும்.
இரண்டாவதை வாய்க்குள் சொன்னேன்.

நேற்று ஒருவர் விசாரிக்க வந்தார்.
கிறவல் புழுதியோடு மோட்டார் சைக்கிள்.
முதலில் பக்கத்து வீடு. பாலை மரத்துக்காக
மூன்று வருசம் எங்களோடு கதையில்லாத வீடு.
வேலிக்குள்ளால் காது கொடுத்தேன்.
"நல்ல பிள்ளை. விடிய ஓடும்.
தாய்க்குத்தான் வாய் கூட."

பிறகு எங்கள் முற்றம்.
பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார், தண்ணீர் குடித்தார்,
தொடையில் கொப்பி விரித்தார்.
தலைகீழாக வாசித்தேன்:
எலில்வதனி.
பிழை சேர், என்றேன் அவர் மொழியில்.
என்ன பிழை?
நாக்கை மடித்துச் சொல்லிக் காட்டினேன்.
இரண்டு தரம் முயன்றார். மூன்றாம் தரம் சிரித்தார்.
"எங்களிடம் அந்த எழுத்து இல்லையே தங்கச்சி."

வேலைக்கு எடுப்பார்களோ தெரியாது.
சமிந்த அரைவாசி என்கிறான், அம்மா ஒன்றும் சொல்வதில்லை.
ஆனால் அவர் கொப்பியை என் பக்கம் திருப்பினார்,
பேனாவையும் தந்தார்.
ஓரத்தில் இடமிருந்தது.
எ, ழி, ல்.
மை கொஞ்சம் கசிந்தது. ஊதிக் காயவைத்துக் கொடுத்தேன்.